செய்தித்தாளில் தூங்குகிறவர்கள்

‘அதிகாலை மூன்று மணி அளவில் பயணிகள் அனைவரும் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தனர். ஓட்டுநர் தூக்கக் கலக்கத்தில் இருந்ததால் பேருந்து கட்டுப்பாட்டை இழந்து…’ தமிழ் நாளிதழ் வாசகர் எவருக்கும் இந்த இரண்டு வாக்கியங்கள் மனப்பாடம். ஊர்ப்பெயர் மாறும், இறந்தவர் எண்ணிக்கை மாறும், வாக்கியம் மாறாது. அதே நாளிதழில் நான்கு பக்கம் தள்ளி, மூடியில்லாத பாதாளச் சாக்கடையின் படத்துக்கு மேல், ‘தூங்குகிறதா மாநகராட்சி?’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும்.

முதல் செய்தியில் ஒரு மனித உடல் உண்மையிலேயே தூங்கியிருக்கிறது. இரண்டாவதில் யாரும் தூங்கவில்லை. மாநகராட்சி அலுவலகத்தில் எல்லோரும் கண் திறந்துதான் உட்கார்ந்திருந்தார்கள். சாக்கடை மூடி அவர்களுடைய அக்கறைக்குள் வரவில்லை, அவ்வளவுதான். இதழியலில் தூக்கம் என்ற சொல்லின் நேர்ப்பொருளையும் உருவகப் பொருளையும் இப்படி அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு கோணல் தெரிகிறது. நிஜமாகத் தூங்கியவர் மீது பழி விழுகிறது. தூங்காமலேயே ‘தூங்கியதாக’ எழுதப்படுகிறவர் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறார். அந்தக் கோணலைப் பின்தொடர்வதே இந்தக் கட்டுரையின் வேலை.

நேர்ப்பொருளில் தூக்கம் அதிகம் வருவது குற்றச் செய்திகளில். கோடைக்காலம் வந்துவிட்டால், ‘வீட்டைப் பூட்டிவிட்டு மொட்டை மாடியில் தூங்கியபோது கதவை உடைத்து நகை கொள்ளை’ என்ற செய்தி தவறாமல் வரும். காற்றுக்காக வாசலில் பாய் விரித்தவரின் தாலிச் சங்கிலி பறிபோகும். தூங்கிக்கொண்டிருந்தவர் தலையில் அம்மிக்கல்லைப் போட்ட செய்தி, குடும்பத் தகராறு என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடும். இந்தச் செய்திகளைச் சேர்த்துப் படித்தால் நம் ஊரில் யார் எங்கே தூங்குகிறார்கள் என்ற வரைபடமே கிடைத்துவிடும். மின்விசிறியின் காற்று போதாத ஓர் அறை வீடு, ஓட்டின் வெக்கை, திண்ணை, தெரு, கோயில் மண்டபம், பேருந்து நிலையத்துச் சிமெண்ட் பெஞ்சு. குளிரூட்டிய அறையில் தூங்குகிறவர் செய்தியாவது மிக அரிது. தூக்கம் செய்தியாக வேண்டுமென்றால் அது பாதுகாப்பற்ற இடத்தில் நடந்திருக்க வேண்டும்.

2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் அப்படித்தான் 17 பேர் இறந்தார்கள். தொடர்மழையில் ஊறிய உயரமான கருங்கல் சுற்றுச்சுவர் பக்கத்து வீடுகளின் மேல் சரிந்தது. இறந்தவர்கள் தலித் மக்கள். சுவர் தனியார் வீட்டினுடையது. முதல் நாள் செய்திகளில் ‘தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் பலி’ என்பதே தலைப்பு. அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தலைப்பு மழையையும் இரவையும் தூக்கத்தையும் ஒன்றாகக் கட்டி, நடந்ததை இயற்கையின் பக்கம் தள்ளிவிடுகிறது. சுவரைப் பற்றி முன்பே முறையிட்டிருந்ததாக ஊர்மக்கள் சொன்னதும், அது ‘தீண்டாமைச் சுவர்’ என்று இயக்கங்கள் பெயர் சொல்லி அழைத்ததும் அடுத்தடுத்த நாட்களில்தான் செய்திக்குள் வந்தன. பகலில் விழுந்திருந்தாலும் அது விழக்கூடாத சுவர். அவர்கள் தூங்கியதைச் சொன்ன அதே வரியில் சுவரைக் கட்டியவர் ஒருவர் இருக்கிறார் என்பதையும் சொல்லியிருக்க முடியும்.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் என்னும் வரிசைவீடுகள் மேல் மலை இறங்கியது. 70 உயிர்கள். பலர் கயத்தாறு வட்டாரத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் போன தமிழ்க் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்திருந்ததால் வெளியுலகுக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது. அன்று மாலையே கோழிக்கோட்டில் விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது; தொலைக்காட்சிகளின் கண் அங்கே போயிற்று. கேரள அரசு விமானத்தில் இறந்தவர்களின் குடும்பத்துக்குப் 10 லட்சமும் பெட்டிமுடிக்கு 5 லட்சமும் அறிவித்தது. லயத்தில் தூங்கியவருக்கும் விமானத்தில் உட்கார்ந்திருந்தவருக்கும் இடையே விழுந்த அந்த வித்தியாசத்தைக் கேள்வி கேட்டவர்களில் பத்திரிகையாளர்களும் இருந்தார்கள். அதைப் பதிவு செய்வது நியாயம். ஏனென்றால் ‘தூங்கியவர்கள் மண்ணில் புதைந்தார்கள்’ என்பதோடு நிறுத்தாமல், அந்த மலைச்சரிவில் ஏன் வரிசைவீடுகள் கட்டப்பட்டன, நூற்றாண்டு கடந்தும் தோட்டத் தொழிலாளிக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் ஏன் இல்லை என்று தொடர்ந்து கேட்ட கட்டுரைகள் பெட்டிமுடியைப் பற்றித்தான் வந்தன.

தூங்கிய இடமே குற்றமாகிவிட்ட செய்தியும் உண்டு. 2020 மே 8 அதிகாலை, மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத் மாவட்டத்தில், ஜால்னாவிலிருந்து மத்தியப் பிரதேசத்துக்கு நடந்துபோன தொழிலாளர்களில் 16 பேர் சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்தார்கள். ஊரடங்கு, பயணிகள் ரயில்கள் நின்றுபோயிருந்தன. ரயில் வராது என்று நம்பித் தண்டவாளத்திலேயே படுத்துவிட்டார்கள். சிதறிய ரொட்டிகளின் படம் நாடெங்கும் அச்சானது. கூடவே ஒரு கேள்வியும் பரவியது: தண்டவாளத்திலா தூங்குவார்கள்? ஒரு வாரம் கழித்து உச்ச நீதிமன்றத்திலும், தண்டவாளத்தில் படுத்துவிட்டால் யாரால் தடுக்க முடியும் என்ற பொருளில் ஒரு கேள்வி எழுந்தது. தமிழ் இதழ்களில் அந்தக் கேள்வியை அப்படியே வாங்கிப் போட்டவை உண்டு. கூலியும் வண்டியும் இல்லாமல் ஒரு மனிதன் இரவு முழுக்க நடந்தால் கடைசியில் உடம்பு எங்கே விழும் என்று எழுதியவையும் உண்டு. இரண்டாவது வகைக்காரர்கள்தான் அந்தத் தூக்கத்தைச் சரியாகப் படித்தவர்கள் என்பேன். அது அவர்கள் தேர்ந்தெடுத்த தூக்கம் அல்ல. உடல் தானாகக் கீழே போட்ட தூக்கம்.

ஏர்வாடியையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் கருகினார்கள். அவர்கள் தூக்கத்தில் சாகவில்லை. விழித்துக் கதறி, ஓட முடியாமல் செத்தார்கள், காலில் சங்கிலி. அன்றைய செய்தியாளர்கள் சங்கிலியைத் தலைப்புக்குக் கொண்டுவந்தது பெரிய காரியம். அந்தச் சொல் தலைப்பில் நின்றதால்தான் நாடு முழுவதும் இப்படிப்பட்ட காப்பகங்களைப் பற்றிக் கேள்வி எழுந்தது, உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

இனி, முதலில் சொன்ன ஓட்டுநர்.

‘தூக்கக் கலக்கம்’ என்பது நம் விபத்துச் செய்திகளின் இறுதித் தீர்ப்பு. காவல் துறையின் முதல் தகவல் அறிக்கையிலிருந்து நேராக நாளிதழுக்கு வந்துவிடும் சொல் அது. பெரும்பாலும் அந்த ஓட்டுநர் இறந்துபோயிருப்பார், அல்லது மருத்துவமனையில் இருப்பார், அல்லது ‘தப்பி ஓடிய ஓட்டுநரைப் போலீசார் தேடி’ வருவார்கள். மறுத்துப் பேச ஆள் இல்லாத ஒரு காரணம் எல்லோருக்கும் வசதி. வண்டியின் முதலாளிக்கு வசதி, காப்பீட்டு நிறுவனத்துக்கு வசதி, சாலையை வடிவமைத்தவருக்கு வசதி, எழுதி அனுப்ப அரை மணி நேரமே இருக்கும் நிருபருக்கும் வசதி.

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. நெடுந்தூர வழித்தடம், திருவிழாக் காலம் போன்ற விதிவிலக்குகளில்கூட அது 10 மணி, 54 மணி என்ற எல்லைக்குள் நிற்க வேண்டியிருந்தது. இப்படி ஒரு சட்டம் இருந்தது நம் விபத்துச் செய்திகளைப் படித்தால் தெரியவே தெரியாது. ஓட்டுநர் எத்தனை மணிக்கு வண்டியை எடுத்தார், முந்தைய இரவு எங்கே இருந்தார், மாற்று ஓட்டுநர் இருந்தாரா, இருந்தால் அவர் படுத்து வந்தது எங்கே, தீபாவளி பொங்கல் நெரிசலில் போய் இறங்கிய கையோடு திரும்பி வரச் சொன்னது யார் என்ற கேள்விகளுக்கு இரண்டு தொலைபேசி அழைப்புகள் போதும். லாரித் தொழிலில் இருப்பவர்கள் இதையெல்லாம் வெளிப்படையாகவே பேசுகிறார்கள். முன்பு வண்டிக்கு இரண்டு ஓட்டுநர், ஒரு கிளீனர் என்றிருந்த இடத்தில் இப்போது ஒற்றை ஆள் போகிறார். ‘நடை’ கணக்கில் கூலி. நடை கூடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

மனித உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதன் மூலக்கூறு இயக்கத்தைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் கிடைத்தபோது தமிழ் இதழ்கள் அறிவியல் பக்கத்தில் அழகாகவே எழுதின. பின்னிரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை உடல் கீழே இறங்கும், விழிப்பு மங்கும், மன உறுதியால் அதை வெல்வது எளிதல்ல என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்தது. அந்த அறிவு விபத்துப் பக்கத்துக்குப் போய்ச் சேரவில்லை. அங்கே தூக்கம் இன்னும் ஓட்டுநரின் ஒழுக்கக் குறைவுதான். தமிழ்நாட்டின் சில மாவட்டங்களில் போலீசார் நள்ளிரவில் நெடுஞ்சாலையில் லாரிகளை நிறுத்தி, முகம் கழுவச் சொல்லி, டீ கொடுத்து அனுப்புகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் டீ குடித்தவர் அதற்குப் பிறகும் ஓட்ட வேண்டிய மணி நேரத்தை யாரும் குறைக்கவில்லை என்பதையும் அந்தப் படத்தின் கீழ் எழுதலாம்.

உருவகத்துக்கு வருவோம். அரசு தூங்குகிறது, கோப்பு தூங்குகிறது, புகார் மனு தூங்குகிறது, திட்டம் தூங்குகிறது. இவை ஆங்கிலத்திலிருந்து வந்த வழக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படிச் சொல்ல இடமில்லை. ‘தூங்கு’ என்ற வினைக்குப் பழந்தமிழில் தொங்கு, அசை, தாமதி என்ற பொருள்கள் இருந்தன. சோழன் ஒருவன் அழித்த ‘தூங்கெயில்’ வானில் தொங்கிய கோட்டை. அங்கே யாரும் கண் அயரவில்லை. வள்ளுவர் அரசனிடம் நீங்காமல் இருக்க வேண்டிய குணங்களில் ‘தூங்காமை’யை வைக்கிறார். அது இரவில் கண் விழிப்பது அல்ல, காரியத்தைத் தள்ளிப்போடாமை. காலம் தாழ்த்திச் செய்யத்தக்கதைத் தாழ்த்தியே செய் என்று சொல்லும் இடத்திலும் அதே வினைதான். ஆக, ‘தலைமைச் செயலகத்தில் தூங்கும் கோப்பு’ என்று எழுதும் நிருபர் தெரியாமலே இரண்டாயிரம் ஆண்டுப் பொருளைக் கையாள்கிறார்.  

பழையது என்பதால் மட்டும் ஒரு வழக்கு நல்லதாகிவிடாது. கோப்பு தூங்கினால் அதைத் தூங்கவைத்தவர் யார்? எழுவாயாகக் கோப்பு வந்து உட்கார்ந்துகொண்டதால் மனிதர் மறைந்துவிடுகிறார். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளனின் விடுதலை குறித்து தமிழ்நாடு அமைச்சரவை 2018 செப்டம்பர் 9 அன்று ஆளுநருக்குப் பரிந்துரை அனுப்பியது. இரண்டு ஆண்டுக்கு மேல் முடிவு சொல்லப்படவில்லை. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே அவரை விடுவித்தது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பரிந்துரை ‘ஆளுநர் மாளிகையில் தூங்குகிறது’ என்று எழுதப்பட்டது. அது தூங்கவில்லை. ஒவ்வொரு நாளும் கையெழுத்திடாமல் இருப்பது என்று ஒருவர் முடிவெடுத்துக்கொண்டே இருந்தார். சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்கள் தேங்கியபோதும் இதே சொல். 2025 ஏப்ரல் 8 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கம் என்று எடுத்துக்கொள்ளவில்லை; ஆளுநரின் செயலைச் செயலாகவே எடைபோட்டு, சட்டப்படி தவறானது என்றது. அந்தத் தீர்ப்பு முன்வைத்த காலக்கெடுவையும் ‘ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளலாம்’ என்ற கருத்தையும் பின்னர் அரசியல் சாசன அமர்வு ஏற்கவில்லை என்பது தனி விவாதம். நான் சொல்ல வருவது சொல்லைப் பற்றியது. நீதிமன்றம் செயல் என்று பார்த்ததை நாளிதழ் தூக்கம் என்று எழுதியது. ‘கிடப்பில் போட்டார்’ என்ற வழக்கு இதைவிட நேர்மையானது. போட்டவர் ஒருவர் அதில் இருக்கிறார்.

தூங்குகிறவருக்கு உள்நோக்கம் கிடையாது. தூக்கம் மன்னிக்கத்தக்க நிலை, எழுப்பினால் போதும். ஏரியை ஆக்கிரமிக்க அனுமதித்த அதிகாரியைத் ‘தூங்கும் அதிகாரி’ என்று எழுதும்போது, அவர் வாங்கியிருக்கக்கூடிய பணத்தையும் அவருக்கு வந்திருக்கக்கூடிய தொலைபேசி அழைப்பையும் விசாரிக்கும் கடமையிலிருந்து நிருபர் தன்னை விடுவித்துக்கொள்கிறார். மக்கள் இதைப் பத்திரிகைகளைவிட நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிறவன் போல் நடிப்பவனை எழுப்ப முடியாது என்று ஊர்ப்பேச்சில் சொல்வது வெறும் சலிப்பில் வந்த சொல் இல்லை. அது ஒரு துல்லியமான திருத்தம். தலையங்கங்கள் கடைசி வரியில் இந்தப் பழமொழியை அலங்காரமாக வைக்கின்றன. அதை முதல் வரியில் வைத்து அங்கிருந்து விசாரிக்கத் தொடங்கியிருந்தால் எத்தனையோ தலையங்கங்கள் புலனாய்வுக் கட்டுரைகளாக ஆகியிருக்கும்.

‘கும்பகர்ணத் தூக்கம்’ என்ற தொடர் என்னை எப்போதும் வருத்துகிறது. நகராட்சியை, மின்வாரியத்தை, எதிர்க்கட்சியை என்று யாரைத் திட்டுவதற்கும் அது பயன்படுகிறது. கம்பனில் கும்பகர்ணன் எழுந்த பிறகு செய்வதை நினைத்துப் பாருங்கள். அரசவையில் அண்ணனின் முகத்துக்கு நேரே அவன் செய்தது தவறு, சீதையை விட்டுவிடு என்று சொல்கிறான். தம்பி வீடணன் வந்து அழைத்தும் பக்கம் மாறாமல், தோற்பது தெரிந்தே களத்துக்குப் போகிறான். விழித்திருந்த அமைச்சர்கள் சொல்லத் துணியாததை நெடுந்தூக்கத்திலிருந்து எழுந்தவன் சொன்னான். நம் தலைப்புகள் அவனிடமிருந்து தூக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சியதை விட்டுவிட்டன.

தூங்கும் அரசியல்வாதியின் புகைப்படம் தனி வகை. பேரவையில், மேடையில், ஆய்வுக் கூட்டத்தில் கண் மூடியவர் மறுநாள் முதல் பக்கம். 1996-97-இல் பிரதமராக இருந்த தேவகவுடாவின் மூடிய கண்கள் அந்த ஆட்சியின் அடையாளமாகவே கேலிச்சித்திரங்களில் நின்றுவிட்டன. நேர்ப்பொருளும் உருவகமும் ஒரே படத்தில் சேர்ந்துவிடுவதால் ஆசிரியர் குழுக்களுக்கு அது கிடைத்தற்கரிய வாய்ப்பு. ஆனால் கேமரா பிடித்தது ஒரு நொடி. வயதானவர் ஒருவர் மதிய வேளையில் கண் மூடியதால் எந்த மசோதாவும் கெட்டுப்போவதில்லை. கண் திறந்திருந்த நிலையில், விவாதமே இல்லாமல், நிமிடங்களில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிய மசோதாக்களுக்கு அந்த அளவு இடம் கிடைத்ததில்லை.

எழுப்புவதற்கு வேறு மரபு இருக்கிறது. கோயிலில் இறைவனைத் துயில் எழுப்பப் பாடும் பள்ளியெழுச்சியைப் பாரதி பாரத மாதாவுக்குப் பாடினார். 1906-இல் சென்னையில் தொடங்கி 1908-இல் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்த ‘இந்தியா’ வார இதழின் காலத்துத் தமிழ் இதழியலின் மூச்சே இந்த எழுப்புதல்தான். அதில் ஒரு பணிவு உண்டு. பள்ளியெழுச்சியில் எழுப்புகிறவர் வாசலில் நிற்கும் அடியார். தூங்குகிறவர் அவரைவிடப் பெரியவர். பாரதி அன்னையைத் தூங்கவைத்து, பிள்ளைகளை வாசலில் நிறுத்தினார். பின்னாளில் கட்சி ஏடுகளிலும் சுவரொட்டிகளிலும் இந்த உறவு தலைகீழானது. தூங்குகிறவர்கள் மக்கள், எழுப்புகிறவர் தலைவர். ‘தமிழா விழித்தெழு’ என்பதில் விழித்திருப்பவர் ஒருவரே, மற்ற எல்லோரும் உறக்கத்தில். மூன்று மணிக்கு எழுந்து பூ கட்டப் போகிறவரிடமும் பால் கறக்கிறவரிடமும் நீ தூங்குகிறாய் என்று சொல்லும் சொல் அது. எளிய மக்களின் மேல் அக்கறை கொண்ட இதழ்களே இதைப் பழக்கமாக எழுதியது எனக்கு வியப்பு.

ஊர்களில் மதுரைக்கு மட்டும் தூக்கத்தை மறுத்து ஒரு பட்டம். ‘தூங்கா நகரம்’ என்ற தொடர் இல்லாமல் மதுரையைப் பற்றிச் சிறப்பிதழ் வருவதில்லை. மதுரைக்காஞ்சி பகல் கடைகளை நாளங்காடி என்றும் இரவுக் கடைகளை அல்லங்காடி என்றும் சொல்வதால் பட்டத்துக்கு வலுவான வேர் இருக்கிறது. 2020 ஊரடங்கில் இந்தத் தொடரே எத்தனையோ தலைப்புகளுக்கு உதவியது. தூங்காத நகரில் தூங்காதவர்கள் யார் என்று மட்டும் அதிகம் எழுதப்படவில்லை. மாட்டுத்தாவணியில் மூட்டை இறக்குகிறவர், இட்லிக் கடையில் மாவு ஊற்றுகிறவர், மல்லிகைச் சந்தைக்கு விடியுமுன் வரும் பெண்கள். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகளை 24 மணி நேரமும் திறக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2019-இல் ஆணையிட்டபோது, மாநிலமே தூங்கா நகரமாகிறது என்ற தொனியில் வரவேற்புக் கட்டுரைகள் வந்தன. இரவுப் பணிமாற்று வேலையை, புற்றுநோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இலேயே சேர்த்துவிட்டது. அந்தச் செய்தியும் அதே இதழ்களில் எப்போதோ வந்ததுதான்.

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப்படாமலே வந்த ஒரு தூக்கம் உண்டு: ஸ்லீப்பர் செல், அதாவது உத்தரவு வரும்வரை சாதாரண மனிதராக வாழும் சதிகாரர். 2012 தீபாவளிக்கு வந்த ‘துப்பாக்கி’ படத்துக்குப் பிறகு அது டீக்கடைச் சொல்லானது. 2017-இல் அ.தி.மு.க. உடைந்தபோது எதிரணியில் தன் ஸ்லீப்பர் செல்கள் இருப்பதாக டி.டி.வி. தினகரன் சொல்ல, சொல் சிரிப்போடு அரசியலுக்கும் வந்தது. சிரிப்பு போய்விடும் இடமும் இருக்கிறது. விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட முஸ்லிம் இளைஞரைப் பற்றி, வழக்கே பதிவாகாத நிலையில், ‘ஸ்லீப்பர் செல்லா?’ என்று வினாக்குறியோடு போடும்போது அந்த வினாக்குறி எதையும் காப்பாற்றுவதில்லை. இந்த உருவகத்தில் ஒரு கொடூரம் உண்டு. அவர் வேலைக்குப் போவது, பிள்ளையைப் பள்ளியில் விடுவது, அக்கம்பக்கத்தோடு நன்றாகப் பழகுவது எல்லாமே அவர் ‘தூங்கிக்கொண்டிருப்பதற்கு’ ஆதாரமாக மாறிவிடும். அதிகாரியைத் தப்பவிடும் தூக்கம், இவருக்கு வரும்போது குற்றச்சாட்டாகிவிடுகிறது.

மரணத்தைத் தூக்கமாகச் சொல்வது தமிழுக்கு மிக இயல்பு. ‘துஞ்சு’ என்ற வினைக்கு உறங்குதலும் இறத்தலும் பொருள். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி என்று சங்க அரசர்கள் இறந்த இடத்தால் அடையாளம் காணப்பட்டார்கள். சோழர் கல்வெட்டுகள் சுந்தர சோழரைப் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’ என்றும், 949-இல் தக்கோலப் போரில் யானை மேலிருந்தே உயிர்விட்ட இராசாதித்தரை ‘ஆனைமேல் துஞ்சின தேவர்’ என்றும் குறிக்கின்றன. யார், எங்கே, எப்படி என்ற மூன்றும் நான்கு சொல்லுக்குள் அடங்கிய இரங்கல் செய்தி அது. இன்றைய ‘மீளாத் துயில்’ எழுத்தாளர்கள் அந்தச் சிக்கனத்தைக் கற்றுக்கொள்ளலாம். 2018 ஆகஸ்டில் மு. கருணாநிதியின் சந்தனப் பேழையில், ஓய்வில்லாமல் உழைத்தவர் இப்போது ஓய்வு கொள்கிறார் என்ற பொருளில், அவரே பல ஆண்டுக்கு முன் தனக்காக எழுதிவைத்த வரி பொறிக்கப்பட்டது. இதழாளராகத் தொடங்கியவர் தன் கடைசித் தலைப்பையும் தானே எழுதிக்கொண்டார்.

ஈழத்தில் இந்த உருவகம் ஓர் இடத்தின் பெயராகவே ஆனது. விடுதலைப் புலிகள் தம் போராளிகளைப் புதைத்த இடங்களை மாவீரர் துயிலும் இல்லம் என்று அழைத்தார்கள்; நவம்பர் 27 அங்கே நினைவு நாள். போர் முடிந்த பிறகு அந்த இல்லங்களை இலங்கை ராணுவம் இடித்து மட்டமாக்கியது. யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் துயிலும் இல்லம் இருந்த இடத்தில் 51-ஆவது படைப்பிரிவின் தலைமையகம் எழுந்தது. பிள்ளைகளின் கல்லறைக் கல்கூட இல்லாத பெற்றோர் இப்போது அதன் எதிரே நின்று விளக்கேற்றுகிறார்கள். யாழ்ப்பாண நாளிதழ்களின் படக்குறிப்பில் இன்றும் ‘கோப்பாய் துயிலும் இல்லம் முன்பாக’ என்றே வருகிறது. அந்த இயக்கத்தைப் பற்றி எவருக்கு எந்தக் கருத்து இருந்தாலும், வரைபடத்திலிருந்து அழிக்கப்பட்ட இடத்தைச் செய்தியாளர்கள் பெயரால் காப்பாற்றுகிறார்கள் என்பதை மறுக்க முடியாது. உருவகம் இங்கே எதையும் மறைக்கவில்லை. இருந்ததைச் சாட்சி சொல்கிறது.

நலவாழ்வுப் பக்கங்களின் தூக்கத்தை விரைவாகக் கடந்துவிடலாம். ஒவ்வொரு மார்ச்சிலும் உலகத் தூக்க நாளையொட்டி, படுக்கையறையில் செல்பேசி வேண்டாம், மாலைக்குப் பின் காபி வேண்டாம், வெளிச்சத்தைக் குறையுங்கள் என்று வரும். எல்லாம் சரியான அறிவுரை. தனிப் படுக்கையறை இருப்பவருக்கு மட்டும் எழுதப்பட்டது. தூக்க மாத்திரையின் பெயரையும் எண்ணிக்கையையும் தற்கொலைச் செய்திகளில் எழுதும் வழக்கம் மட்டும் இன்றே நிற்க வேண்டும். வழிமுறையை விவரிக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலும் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

தூக்கத்தை உரிமையாக எழுத வாய்ப்பளித்த செய்திகள் சில உண்டு. 2011 ஜூன் 4 நள்ளிரவு கடந்து, டெல்லி ராம்லீலா மைதானத்தில் பாபா ராம்தேவின் உண்ணாவிரதப் பந்தலில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்தின் மேல் போலீஸ் தடியடியும் கண்ணீர்ப் புகையும் நடத்தியது. 2012 பிப்ரவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்து, கூடவே ராம்தேவின் அறக்கட்டளைக்கும் பொறுப்பு உண்டு என்று இழப்பீட்டில் 25 சதவீதத்தை அதன் மேல் வைத்தது. நீதிபதி பி.எஸ். சௌகான் தன் தனிக் கருத்தில், தூக்கம் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றார். ‘தூக்கம் அடிப்படை உரிமை’ என்று பல இதழ்கள் தலைப்பிட்டன. 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில், நீண்ட பணிக்கு இடையே கருத்தரங்க அறையில் படுக்கப் போன பயிற்சி மருத்துவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டபோது, அவர் ஏன் அங்கே போனார் என்று முதலில் கேட்டவர்கள் இருந்தார்கள். இரவுப் பணி மருத்துவருக்குத் தாழ்ப்பாள் உள்ள ஓர் ஓய்வறை ஏன் இல்லை என்று அடுத்த சில நாட்களில் செய்தியாளர்கள் திருப்பிக் கேட்டார்கள்; உச்ச நீதிமன்றம் அமைத்த தேசியப் பணிக்குழுவின் வேலையில் அந்தக் கேள்வியும் சேர்ந்தது. பல மாநிலங்களில் நிருபர்கள் அரசு மருத்துவமனைகளுக்குள் போய் ஓய்வறைகளைப் பார்த்துவிட்டு வந்து எழுதினார்கள்.

அதேபோல் எழுதக் காத்திருக்கும் இன்னொரு தூக்கம் நடைபாதையில் இருக்கிறது. நடைபாதைவாசிகளின் வாழ்வாதார உரிமையைப் பேசிய ஓல்கா டெல்லிஸ் வழக்கின் தீர்ப்பு 1985-இல் வந்தது. நகர்ப்புற வீடற்றோருக்கான மத்திய அரசுத் திட்டத்தின் வழிகாட்டுதல்படி, ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்கும் நிரந்தரக் காப்பக வசதி வேண்டும். சென்னைக்கும் கோவைக்கும் மதுரைக்கும் திருச்சிக்கும் எத்தனை படுக்கை வர வேண்டும் என்பதை மக்கள்தொகைக் கணக்கை வைத்து யாரும் போட்டுப் பார்க்கலாம். எத்தனை இருக்கிறது என்பதை மாநகராட்சியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். கதவு உண்மையிலேயே திறந்திருக்கிறதா, பெண்களுக்கு, குடும்பங்களுக்கு, திருநங்கைகளுக்கு இடம் தருகிறார்களா, வெளியே எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நிருபர் இரவு பதினொரு மணிக்கு மேல் நேரில் போக வேண்டும். மழைக்காலத்தில் ஒருமுறை, பனிக்காலத்தில் ஒருமுறை என்று ஆண்டுக்கு இரண்டு தடவை போனாலே, மாநகராட்சி தூங்குகிறதா என்ற தலைப்பை எண்களோடு எழுதலாம்.